வெள்ளை வெளேர்னு ஒரு ஃபில்டர்

ஆனைமலை அடிவாரத்துல ஒரு மடம். மடம்னதும் கோபுரம், யானைன்னு மனசுல கட்டிடாதீங்க. ஓட்டு வீடு நாலு, ஒரு சமையக்கட்டு, முன்னால ஒரு சிமெண்டுக் குளம். குளத்துல அல்லி. அல்லிக்கு அடியில கலர் மீனுங்க. அவ்வளவுதான் மடம்.

அங்க குருன்னா நாச்சம்மாதான். வயசு நாப்பத்தி மூணு. அதுக்கு முன்னால கோயமுத்தூருல மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறை வெச்சிருந்தவங்க. எரிஞ்சுபோன மோட்டாரை மோந்து பாத்தே, "இது தண்ணியில்லாம ஓடுனது, இது அடைப்புல ஓடுனது"ன்னு சொல்லிடுவாங்களாம். பட்டறைக்காரம்மா எப்படிக் குருவானாங்கங்கிறது தனிக் கதை. அதைத் தொட்டா இன்னிக்கு முடியாது, விடுங்க.

சீடர் பேரு சபாநாயகம். வயசு அறுபத்தி நாலு. குருவைவிட இருபத்தோரு வயசு மூத்தவர். முத நாள் காலுல விழுறதா வேண்டாமான்னு அவரு முழிச்ச முழி இருக்கே! நாச்சம்மாவே, "விழுந்தா எந்திரிக்க முட்டி வலிக்குமுங்க ஐயா. அப்படி உக்காருங்க"ன்னு சொல்லிக் காப்பாத்தினாங்க.

மாயவரம் பக்கம் ஒரு நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவர் அவர். முப்பத்தஞ்சு வருஷம் பிளீச்சிங் பவுடரோடயே குடும்பம் நடத்தினார்னு வெச்சுக்குங்க. அவரு கல்யாணத்துக்கு முத நாள் என்ன பண்ணினார் தெரியுமா? மாப்பிள்ளையா லட்சணமா உக்காராம, மண்டபத்துச் சமையக்கட்டைப் போய்ப் பாத்து, சாக்கடையில ரெண்டு படி பவுடரைக் கொட்டி வெச்சார். மறுநாள் பாயசம் பூரா அந்த வாடை. பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சியைச் சுளிச்சதுல கல்யாணமே நின்னிருக்கும். பொண்ணு செண்பகம்தான், "பரவால்ல, சுத்தமான மனுஷன்"னு சிரிச்சுட்டு கழுத்தை நீட்டினா.

அந்தச் செண்பகம் போன ஐப்பசியில போய்ச் சேந்துட்டா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது. பதினேழாம் நாள் வீட்டுச் சாவியை மக திலகவதி கையில குடுத்துட்டு மனுஷன் பஸ் ஏறிட்டார்.

வந்து உக்காந்ததும் நாச்சம்மாகிட்ட கேட்டார்:

"எனக்கு தீட்சை வேணும்மா."

"எதுக்குங்க ஐயா?"

"இனிமே எதுவும் என் மேல ஒட்டக் கூடாது."

நாச்சம்மா குளத்தைக் காட்டினாங்க. குளம் கஷாயம் கணக்கா இருந்துச்சு.

"அடியில செவப்பு ஓடு பதிச்சிருக்குது. அது கண்ணுக்குத் தெரியற அன்னிக்கு வந்து கேளுங்க."

சொல்லிட்டு, ஒரு மெஷினைக் கொண்டாந்து விட்டாங்க. யாரோ பக்தர் வாங்கிக் குடுத்த வேக்குவம். டிரம்மு மாதிரி இருக்கும். ஒரு குழாய் குளத்தோட அடிச்சேத்தை உறிஞ்சும். இன்னொரு குழாய் வழியா தண்ணி திரும்பக் குளத்துக்கே போயிடும். நடுவுல ஒரு ஃபில்டர். கருநீலத்துல, வடைச்சட்டி அகலத்துல, ரெண்டு விரக்கடை கனத்துல ஒரு ஸ்பான்ஜு. சேறெல்லாம் அதுல தங்கிடும், தண்ணி மட்டும் தாண்டும்.

"ஓட்டி முடிச்சதும் ஃபில்டரைக் கழட்டி, குளத்துத் தண்ணியிலயே ரெண்டு தரம் கசக்கிப் போட்டுடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்னு அவங்க சொல்லிட்டாங்க. இன்ஸ்பெக்டர் காதுல அது எப்படி விழுந்திருக்கும்? அழுக்குத் தண்ணியில அழுக்கை அலசுறதா? ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாங்கன்னு அவரே திருத்திக்கிட்டார். கடைக்குப் போயி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கினார். ஒரு பிரஷ்ஷு வாங்கினார். தினமும் ஓட்டுவார், தினமும் ஃபில்டரைப் பவுடர்ல ஊறப் போடுவார், பிரஷ்ஷால தேய்ப்பார், குழாய்த் தண்ணியில இருபது தரம் அலசுவார். ரேகை தேயுற அளவுக்குத் தேய்ச்சார்னா பாத்துக்குங்க.

முத வாரம் ஃபில்டர் கரிச்சட்டி மாதிரி வந்துச்சு. மூணாவது வாரம் சாம்பல் நிறம். ஒரு மாசத்துக்கப்புறம் கழட்டிப் பாத்தா, பூப்போல வெள்ளை. ஒரு பொட்டு அழுக்கில்ல. நீலமா இருந்ததுன்னு சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டாங்க.

அவருக்கு உச்சி குளுந்துபோச்சு. குளத்துல சேறே தீந்துடுச்சுன்னு முடிவு கட்டிட்டார். ஆனா செவப்பு ஓடு மட்டும் தெரியல. மீனுங்க காலையில மேல வந்து வந்து வாயைத் தொறந்துச்சுங்க.

நாச்சம்மா கேட்டாங்க, "ஏனுங்க ஐயா, மீனு இப்படி மேல வருதுங்களே?"

"பசியா இருக்கும்மா."

"அப்படீங்களா."

அதோட போயிட்டாங்க.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்துச்சு. அந்த மடத்துல ஒரு வழக்கம். ஞாயித்துக்கிழமை யாரு வேணா வரலாம், மனசுல இருக்குறதைக் கொட்டலாம். ஒரு சின்ன ரூமு, ரெண்டு பாய். ஒரு பாயில வந்தவங்க, இன்னொரு பாயில சீடர். கேக்குறவர் பதில் பேசக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. கேக்கணும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தென்னமரம் தன் வீட்டுப் பக்கம் சாயுதுன்னு ஒருத்தர் மூணு மணி நேரம் பேசினாராம். கடைசியில பாத்தா தென்னமரம் இல்ல விஷயம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அவரோட சொந்தத் தம்பி. அப்படியெல்லாம் வருவாங்க.

ஆரம்பத்துல சபாநாயகத்துக்கு அது தாங்கல. கேட்டுட்டு வந்தா சோறு இறங்காது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சார். எதிர்ல ஆளு பேசப் பேச, உள்ளுக்குள்ள ஜபத்தை எண்ணிக்கிட்டே இருப்பார். மூஞ்சியில ஒரு சிரிப்பு மட்டும் வெச்சுக்குவார். முடிஞ்சதும் கிணத்தடிக்குப் போயி நாலு வாளி தலையில ஊத்திக்கிட்டா, கேட்டதுல ஒரு எழுத்து ஞாபகம் இருக்காது.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை, பாயில வந்து உக்காந்தது யாருன்னா, மக திலகவதி.

கையில ஒரு ஒயர்கூடை. பாதிதான் பின்னியிருந்துச்சு. மேல ஒயரெல்லாம் சிக்குப் பிடிச்ச தலைமுடி மாதிரி தொங்குது. பேத்தி ஸ்கூலுக்குக் கொண்டுபோகச் செண்பகம் பின்ன ஆரம்பிச்ச கூடை அது.

"அப்பா."

அவர் சிரிச்ச முகமா உக்காந்திருந்தார். உள்ள எண்ணிக்கை ஓடுது. நூத்தி நாலு, நூத்தி அஞ்சு.

அவ கூடையை நடுவுல வெச்சா. அம்மா ஆஸ்பத்திரியில இருந்த கடைசி வாரத்தைப் பத்தி ஏதோ சொன்னா. பச்சை ஒயர்னு சொன்னா. தூக்கமே வரலைன்னு சொன்னா. அழுதா. இவரு இருநூத்தி பன்னெண்டுல இருந்தார்.

"ஏதாவது சொல்லுங்களேன்ப்பா."

சிரிப்பு.

"நான் யார்னாவது தெரியுதா?"

அதே சிரிப்பு.

திலகவதி மூக்கைச் சிந்தினா. கூடையை எடுத்துக்கிட்டா. வாசப்படியில நின்னு திரும்பி, "வரேன் சார்"னுட்டுப் போனா.

சார்! பெத்த அப்பனை எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லும்? அதுகூட அன்னிக்கு அவருக்கு உறைக்கல. நாலு வாளி ஊத்திக்கிட்டார். சந்தோஷம் தாங்கல. சொந்த ரத்தம் எதிர்ல உக்காந்து அழுதும் ஒரு அசைவு இல்லையே!

திங்கக்கிழமை விடிஞ்சதும் நாச்சம்மா முன்னால போய் நின்னார்.

"அம்மா, நான் தயாராயிட்டேன்."

"ஓடு தெரியுதுங்களா?"

"ஓடு தெரியலம்மா. பாசி மூடியிருக்கும். ஆனா என் மக நேத்து வந்து அழுதா. என் மேல ஒரு சொட்டு ஒட்டல. ஃபில்டர் எப்படி இருக்கோ அப்படி இருக்கேன், வெள்ளை வெளேர்னு."

நாச்சம்மா குளத்துப் பக்கம் கையைக் காட்டினாங்க.

"அந்த ஃபில்டரைக் கழட்டிட்டு வாங்க. அப்படியே சமையக்கட்டுல இருந்து ஒரு பேசினும்."

கொண்டுவந்தார். நாச்சம்மா புடவையை இடுப்புல செருகிக்கிட்டு, குளத்துப் படியில எறங்கி, ரெண்டு கையாலயும் அடிச்சேத்தை அள்ளினாங்க. பேசினுக்கு மேல ஃபில்டரைப் பிடிக்கச் சொல்லி, அதும்மேல சேத்தை வெச்சு, ஒரு சொம்புத் தண்ணியை மெதுவா ஊத்தினாங்க.

தண்ணி எறங்குச்சு. கூடவே சேறும் எறங்குச்சு. மொத்தமும் கீழ பேசினுக்குள்ள.

"சேறு எங்கீங்க ஐயா?"

"கீழ போயிடுச்சும்மா."

"ஃபில்டர்?"

சபாநாயகம் பாத்தார். "வெள்ளையா இருக்கு."

"தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையைப் பெருசாக்கிட்டீங்க. பவுடர் மிச்சத்தையும் அரிச்சிருச்சு. ஒரு மாசமா நீங்க சேத்தை எடுக்கலீங்க. இந்தக் குழாயில வாங்கி அந்தக் குழாயில விட்டுட்டு இருந்திருக்கீங்க."

அவரு பேசினைப் பாத்துக்கிட்டே நின்னார். ஒரு அல்லித்தண்டு துண்டு அதுல மெதக்குது.

நாச்சம்மா கையைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாங்க, "உங்க பொண்ணு என்ன சொல்லி அழுதாங்க?"

"கூடை... அவ அம்மா பின்னின கூடை ஒண்ணு..."

"ம்."

"ஏதோ ஒயர். பச்சையோ என்னமோ."

"ம்."

"ஞாபகம் இல்லம்மா."

நாச்சம்மா ஃபில்டரை வாங்கி ஒரு பிடி பிடிச்சுக் கசக்கினாங்க. கையைத் தொறந்தா, அது கசங்குனது கசங்குன மாதிரியே கெடந்துச்சு. ஓரத்துல ரவை மாதிரி உதிந்துச்சு. உள்ள போயி அலமாரியில இருந்து புது ஃபில்டர் எடுத்துட்டு வந்து அதையும் கசக்கினாங்க. கையை விட்டதும் சட்டுனு பழையபடி எழுந்து நின்னுச்சு.

இன்ஸ்பெக்டர் புத்தி எங்க போகும்? கேட்டார்:

"எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்தணும்மா?"

"நாள்கணக்கு இல்லீங்க. கசக்கி விட்டா எந்திரிக்கணும். எந்திரிக்கிற வரைக்கும் உழைக்கும்."

"அழுக்குத் தண்ணியில அலசினா அழுக்கு எப்படிம்மா போவும்?"

"அழுக்கு போறதுக்கு அலசுறதில்லீங்க. அடைப்பு போறதுக்கு. கொஞ்சம் கறை இருக்கத்தான் வேணும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக குடியிருக்கு. தண்ணியில இருக்குற நஞ்சைத் திங்கறது அதுகதான்."

"கிருமியா!"

"ஆமாங்க."

முப்பத்தஞ்சு வருஷம் தான் கொன்ன கிருமியையெல்லாம் அந்தப் பெரிய மனுஷன் ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்திருப்பார் போல. மூஞ்சி அப்படிப் போச்சு.

அன்னிக்கு மத்தியானம் புது ஃபில்டரைப் போட்டு ஓட்டினார். கழட்டினா கரிக்கட்டை. பிரஷ்ஷை எடுக்கப் போன கையை இன்னொரு கையால பிடிச்சு நிறுத்திக்கிட்டார். ஒரு வாளியில குளத்துத் தண்ணியை மொண்டு அதுலயே கசக்கினார், ரெண்டே தரம். பிழிஞ்ச கறுப்புத் தண்ணியை அல்லிக்குப் போகாம வாழைக்கு ஊத்தினார். கசக்கும்போதுதான் காதுல விழுந்துச்சு, "வரேன் சார்."

முந்தின நாள் சொன்னது அப்போதான் விழுந்துச்சு.

நாச்சம்மாகிட்ட போனை வாங்கி மகளுக்குப் போட்டார்.

"திலகா."

"யாரு?"

"அப்பாம்மா."

அவ வெக்கறதுக்குள்ள இவரே கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை வரியா? கூடையை எடுத்துட்டு வா."

"எதுக்குப்பா? போன தடவை பேசினதுக்கு உங்க ரூமு சுவரு எனக்குப் பதில் சொல்லியிருக்கும்."

"வாம்மா."

"பாப்பாவுக்குப் பரீட்சை. இந்த வாரம் முடியாது. அடுத்த வாரம் பாக்கறேன். நிச்சயமா சொல்ல முடியாது."

வெச்சுட்டா. கோவம் இருக்காதா பின்னே? மாயவரத்துல இருந்து ராத்திரி பூரா பஸ்ல வந்து, ரெண்டு பஸ் மாறி, ஒரு வார்த்தை இல்லாம திரும்பிப் போனவ.

ரெண்டு வாரம் அவரு தினமும் வேக்குவம் ஓட்டினார். தினமும் ஃபில்டர் கறுப்பா வந்துச்சு, தினமும் கசக்கினார், தினமும் அது எழுந்து நின்னுச்சு. மீனுங்க கீழ போயி விளையாட ஆரம்பிச்சுதுங்க. அவரு அதையெல்லாம் பாத்தாரோ இல்லையோ, வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தார்.

ஞாயித்துக்கிழமை காலையில பாயில போயி உக்காந்தார். ஒரு அம்மா வந்தாங்க, போனாங்க. பத்து மணி பஸ் வந்துச்சு, யாரும் எறங்கல. அந்தத் தென்னமரக்காரர் வந்தார். தம்பி வீட்டுல சாப்பிட்டாராம், நாலே வார்த்தையில முடிச்சுட்டுக் கிளம்பிட்டார். பன்னெண்டு மணி பஸ்ஸும் போயிடுச்சு. சரி, வரமாட்டான்னு எழுந்தவர், வாசல்ல கூடையைப் பாத்தார்.

திலகவதி பாயில உக்காந்தா. அவரு முகத்துல சிரிப்பு இல்ல. அதுவே அவளுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கூடையோட ஒயரை முறுக்கிக்கிட்டு இருந்தா.

"போன தடவை சொன்னதேதான்ப்பா."

அவரு தலையை ஆட்டினார், சொல்லுன்னு.

"ஆஸ்பத்திரியில அம்மா சொன்னாங்க. பச்சை ஒயர் ஒரு கட்டு அப்பாவை வாங்கிட்டு வரச் சொல்லு, படுத்துக்கிட்டே முடிச்சுடுவேன்னு. நான் உங்ககிட்ட சொன்னேனா, மறந்துட்டேனா, எனக்கு ஞாபகமே இல்லப்பா. சொல்லியிருந்தா நீங்க வாங்காம இருப்பீங்களா? நான்தான் மறந்திருக்கேன். ரெண்டு நாள் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. ஒயர் வந்துச்சா, வந்துச்சான்னு. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. கேக்க முடியல. ஒரு கட்டு ஒயர்ப்பா. அதைக்கூட நான்..."

ஜபம் எங்கயோ போச்சு. எண்ணிக்கை போச்சு. சபாநாயகம் மனசுக்குள்ள அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை அப்படியே பாத்தார். டீ டம்ளரோட நிக்கிறார். மக வந்து ஒயர்னு சொல்றா. சரின்னு தலையாட்டுறார். அப்புறம் வார்டு பாத்ரூம்ல கொட்டக் கடைக்குப் போயி பவுடர் வாங்கிட்டு வர்றார். பவுடர் மட்டும்.

மடத்து வழக்கம் என்ன? கேக்குறவர் பதில் பேசக் கூடாது.

"நீ சொன்னே."

திலகவதி நிமிந்து பாத்தா.

"புதன்கிழமை. வராந்தாவுல. பச்சை, ஒரு கட்டுன்னு சொன்னே. நான் சரின்னேன். கடை வரைக்கும் போனேன். நான்தாம்மா மறந்துட்டேன். நீ இல்ல."

"நெசமாவாப்பா?"

"நெசமா. உன் அம்மா மேல சத்தியமா."

அவ அதுக்கப்புறம் அழுத அழுகை வேற அழுகை. சத்தம் போட்டு அழுதா. அழுது முடிச்சுட்டு, சமையக்கட்டுல ரெண்டு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டா. மாசக்கணக்கா சாப்பிடாதவ மாதிரி சாப்பிட்டா. சாயங்காலம் அப்பாவும் மகளும் கடைவீதிக்கு நடந்து போனாங்க. பச்சை ஒயர் ஒரு கட்டு வாங்கினாங்க.

பஸ் ஏறும்போது கூடையை அவரு கையில குடுத்தா.

"இந்தக் கூடைக்குப் போடுற சிவன் கண் முடிச்சு எனக்கு வராதுப்பா. நீங்கதான் அம்மாவுக்கு ஒயர் வெட்டிக் குடுத்துப் பக்கத்துல உக்காந்து பாத்தவங்க. முடிச்சுக் குடுங்க. பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "தப்பாப் பின்னாதீங்கப்பா, அம்மா வந்து அடிப்பாங்க"ன்னா. சிரிச்சா.

பஸ் போனதும் அவரு மடத்துக்கு நடந்தார். அந்த அரை மைல் நடக்க ரொம்ப நேரம் ஆச்சு. ரெண்டு எடத்துல ரோட்டோரக் கல்லுல உக்காந்தார். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்கன்னு மக சொன்னது இப்போ அவரு நெஞ்சுல கெடந்துச்சு.

மடத்துல நாச்சம்மா குளத்துப் படியில உக்காந்து மீனுக்குப் பொரி போட்டுக்கிட்டு இருந்தாங்க. சாயங்கால வெயில் சாய்வா தண்ணிக்குள்ள எறங்கியிருந்துச்சு. அடியில, கலங்காம, செவப்பு ஓடு ஒவ்வொண்ணா தெரிஞ்சுது.

"பாருங்க ஐயா, தெரியுது. அன்னிக்கு ஏதோ கேக்கணும்னீங்களே?"

சபாநாயகம் ஓட்டைப் பாத்தார். கூடையை மடியில வெச்சுக்கிட்டுப் படியில உக்காந்தார். கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு.

"தீட்சை கேக்குற தகுதி போச்சும்மா. ரூமுல வாயைத் தொறந்து பேசிட்டேன். அவ சொன்னது பூரா என் மேல ஒட்டிக்கிச்சு. நாலு வாளி இல்ல, நாப்பது வாளி ஊத்தினாலும் போவாது."

நாச்சம்மா பொரியைத் தூவிக்கிட்டே இருந்தாங்க.

"என்னைக் கசக்கிப் பிழிஞ்சுட்டுப் போயிட்டாம்மா."

"எந்திரிச்சு வந்துட்டீங்கல்ல ஐயா? இன்னும் ரொம்ப நாளைக்கு உழைக்குமுங்க."